சர்ச் மேடு ஏறிய சிவப்புக் கார்

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு நாள், காலைக் காப்பி ஆறுவதற்குள் ரூடி பெல்கோலா ஒரு சபதம் எடுத்தார்.

"வர்ற சனிக்கிழமை, எவ்வளவு பனி கொட்டினாலும் சரி, என் சிவப்புக் காரை சர்ச் மேட்டுல ஏத்திக் காட்டுறேன். டிக்கியில ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன். வெறும் கை. வெறும் கால். வெறும் திறமை!"

வீரசபதம்தான். ஆனால் எடுக்கும்போது அவர் உள்பனியனும் கம்பளிச் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். வாளுக்குப் பதில் கையில் ஒரு துண்டு ஏலக்காய் ரொட்டி. ஆவேசத்தில் அதிலிருந்த வெண்ணெய் முழங்கைவரை வழிந்தது.

சபதத்துக்குக் காரணம் அவர் மனைவி ஐலா. அன்று காலை ஐந்து நிமிஷம் முன்னால்தான் அவள் தலையெல்லாம் பனியாக, கையில் பனி சுரண்டும் கட்டையோடு உள்ளே வந்திருந்தாள்.

"ரூடி, இன்னைக்கு என் காரோட நாலு கதவும் திறக்கல. உறைஞ்சு போச்சு."

"அச்சச்சோ! அப்புறம் எப்படி ஸ்டார்ட் பண்ணின?"

"டிக்கியைத் திறந்து, உள்ள பூந்து, பின் சீட்டைத் தாண்டி, முன் சீட்டுல தலைகீழா விழுந்து ஸ்டார்ட் பண்ணினேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, 'உதவி வேணுமா, இல்ல திருட்டா?'ன்னு கேக்குறாரு. எனக்கு அறுபது வயசாகப் போகுது ரூடி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில முந்நூறு பிள்ளைங்களுக்கு நான் போய் சூப் காய்ச்சணும். தினம் டிக்கி வழியாவா வேலைக்குப் போறது?"

"குளிர்காலம்னா அப்படித்தான்."

"அப்படியா? ஷெட்டுக்குள்ள ஒரு கார் நிக்குதே, அதுக்கு எந்தக் காலம்? அதுக்குப் போர்வை. எனக்குச் சுரண்டுற கட்டை."

ரூடி காப்பியைக் கீழே வைத்துவிட்டு ரொட்டியை எடுத்தார். பேச்சு ஷெட் பக்கம் திரும்பினால் ஆபத்து.

மிச்சிகனின் வடகோடியில், ஒரு பெரிய ஏரியின் கரையில், அக்டோபரில் வந்து உட்காருகிற பனி வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. மே மாதம்வரை காலி பண்ணாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு ஷெட் என்றால் அது பொன். ரூடியின் ஷெட்டிலோ பாதி இடத்தில் சிவப்புக் கார் தூங்கியது. மீதிப் பாதியில், ஏரி உறைந்ததும் மேலே இழுத்துப்போய் உட்கார்ந்து மீன் பிடிக்கிற மரக்குடில், ஓடாத படகு மோட்டார், ஒற்றைப் பனிச்சறுக்குப் பலகை, 'ஒருநாள் உதவும்' என்று அவர் சேர்த்த இன்னும் பல தூங்கின. ஐலாவின் கார் மட்டும் வெளியே விழித்துக்கொண்டு நின்றது.

"அந்தக் குப்பையையாவது எடு" என்று அவள் வருஷா வருஷம் சொல்வாள்.

"அது குப்பை இல்ல. சாமான்" என்று அவர் வருஷா வருஷம் சொல்வார்.

இந்த வருஷம் அவள் வேறு பக்கமாக வந்தாள்.

"அந்தக் கார் வருஷத்துல ரெண்டு மாசம் வெயில் காயுது. பத்து மாசம் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கு. பனியில ஓடாத வண்டிக்கு இந்த ஊர்ல என்ன வேலை?"

"பனியில ஓடாதா? யாரைப் பாத்துச் சொல்ற? சர்ச் மேட்டுல அன்னைக்கு ஏத்தினது யாரு?"

"நீதான்."

"டிக்கியில மூட்டை இருந்துச்சா?"

"இல்லன்னு நீதான் முப்பத்தெட்டு வருஷமாச் சொல்ற."

அப்போதுதான் ரொட்டி உயர்ந்தது, சபதம் பிறந்தது.

ஐலா அமைதியாகக் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "சரி. சனிக்கிழமை காலையில சர்ச்சுல ஊருக்கே பாஸ்டி சுட்டுப் போடுறோம். நானும் உன்கூட அந்தக் கார்லயே வர்றேன். டிக்கியில கனம் இல்லாம மேட்டு உச்சியில கொண்டுபோய் என்னை இறக்கிட்டா, ஷெட்டைப் பத்தி இனி வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா ஷெட் எனக்கு. உள்ள என்ன நிக்கணும், என்ன நிக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"ஒப்புக்கிட்டேன்!"

"வெண்ணெயைத் துடை. சட்டையில சொட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். டிக்கி வழியாக.

இந்த மேடு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரூடி சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும், அதனால் சுருக்கமாக.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. மர லாரி ஓட்டிச் சம்பாதித்து, பழைய கார் விற்கிறவரிடம் இதை வாங்கினார். நீண்ட மூக்கு, தாழ்ந்த முதுகு, தகதகவென்று சிவப்பு. அதில் ஏறி ஐலா வீட்டு வாசலில் நின்றபோது, பண்ணைக்காரரான அவள் அப்பா சன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "முன்னால மூக்குதான் இருக்கு. பின்னால ஒண்ணுமில்ல" என்றாராம். காரைச் சொன்னாரா, மாப்பிள்ளையைச் சொன்னாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.

காரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். எஞ்சின், கனம் எல்லாம் முன்னால். தள்ளுகிற வேலையோ பின் சக்கரத்துக்கு. பின்னால் கனம் இல்லையென்றால் பனியில் அந்தச் சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி மட்டும் நகராது. நகர்ந்தாலும் வால் முன்னால் வந்து தலையை விசாரிக்கும். அதனால்தான் இப்படி வண்டி வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நவம்பர் பிறந்ததும் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றிவிடுவார்கள். வண்டிக்குக் கனமும் ஆச்சு. மாட்டிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவவும் ஆச்சு.

இளவட்ட ரூடி ஏற்றவில்லை. மணல் மூட்டை கிழவர்களுக்கு என்றார். உறைந்த ஏரியை மேட்டு உச்சியிலிருந்து காட்டுகிறேன் என்று ஐலாவை ஏற்றிக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் கிளம்பினார். ரெண்டு லாரி மேடு ஏற முடியாமல் ஓரத்தில் படுத்திருந்தது. சிவப்புக் கார் மட்டும் பாலாடையில் கத்தி இறங்கிய மாதிரி வழுக்காமல் ஏறியது. காருக்குள் சூடான ரப்பர் வாசனை. பாட்டுப்பெட்டியில் மாட்டிக்கொண்ட ஒரே நாடா, அதிலும் ஒரே பக்கம். பக்கத்தில் சிவப்புக் கம்பளித் தொப்பியோடு ஐலா. உச்சியில் நிறுத்தி, ஏரியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்து, 'கல்யாணம் பண்ணிக்கலாமா' என்று கேட்டார். அவளும் சரி என்றாள்.

அதனால் ரூடிக்கு அந்தக் கார் வெறும் கார் இல்லை. தான் ஒருநாள் யாராக இருந்தோம் என்பதற்கு மிச்சமிருக்கிற ஒரே சாட்சி அது. தலைமுடி சாட்சி சொல்லப்போவதில்லை. அது எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம், ஐலா இன்னும் வேலை முடிந்து வராத நேரமாகப் பார்த்து, ரூடி ஒத்திகைக்காகக் காரைப் போர்வை விலக்கி எடுத்தார். உட்கார்ந்ததும் முதல் ஆச்சரியம்: ஸ்டியரிங் வயிற்றைத் தொட்டது. அன்றைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு ஐலா நுழைகிற இடம் இருந்தது.

"கார் சுருங்கிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டாவது கியர் போட்டார். பனியில் முதல் கியர் கூடாது, முரட்டுத்தனம். காலைப் பஞ்சு மாதிரி வைக்கணும். பிரேக் தொடக் கூடாது. வால் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பணும். பாடமெல்லாம் அத்துப்படி.

பாடம் அவருக்குத்தான் தெரியும், பின் சக்கரத்துக்குத் தெரியவில்லை. வாசலைத் தாண்டியதும் கார் ஒரு முழு வட்டம் போட்டது. வீடு வந்தது, போனது, பக்கத்து வீட்டுக் கிளென் சன்னலில் காப்பியோடு வந்தார், போனார், மறுபடி வீடு வந்தது. கடைசியாகத் தபால் பெட்டி வந்தது. அது போகவில்லை. காரோடு கொஞ்ச தூரம் வந்தது.

ஐலா வீடு திரும்பியதும் கேட்டாள். "தபால் பெட்டி ஏன் படுத்திருக்கு?"

"பனி தள்ளுற வண்டிக்காரன் இடிச்சிருப்பான். பாத்து ஓட்டுறதே இல்ல இவனுங்க."

"பனி வண்டி மஞ்சள். பெட்டியில சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கே?"

"...புது வண்டி வாங்கியிருப்பாங்க."

"ஓ" என்றாள் ஐலா. அவள் 'ஓ' சொன்னால் விஷயம் முடிந்தது என்று அர்த்தமில்லை. இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷத்தில் இதைக்கூட ரூடி கற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வேலியோரம் போய் நின்றார்.

"கிளென், நீ ஒரு ஆம்பளையா?"

"காலையில பாத்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. ஏன்?"

"ஒரு ரகசியம் காப்பாத்துவியா?"

"நேத்து நீ தட்டாமாலை சுத்தினதை இதுவரைக்கும் நாலு பேருகிட்டதான் சொல்லியிருக்கேன். அவ்வளவு அடக்கம் எனக்கு."

"உன் வண்டியில கிடக்குற மணல் மூட்டை எனக்கு வேணும். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

கிளென் வாயைப் பிளந்தார். "யோவ், மூட்டை இல்லாம ஏத்துவேன்னு நீதானய்யா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச?"

"ஏத்தியிருக்கேன்! அது அப்ப. இப்ப பனியோட தரம் குறைஞ்சு போச்சு. சத்தமா பேசாத. யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா..."

"ஐலாவுக்கு."

"பேரைச் சொல்லாத! வேலிக்குக் காது இருக்கு."

கிளென் தன் மீன்தூண்டில் மேல் சத்தியம் பண்ணினார். ஊரில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. இருவரும் மூச்சிரைக்க மூட்டைகளைச் சுமந்து வந்து சிவப்புக் காரின் டிக்கியில் அடுக்கினார்கள். மேலே பழைய ஜமக்காளத்தை விரித்து மூடினார் ரூடி. தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். அற்புதம். ஒன்றும் தெரியவில்லை. ஷெட் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக உள்ளே போனார். அவர் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் சாயங்காலம் சானா. கொல்லையில் சின்ன மரவீடு. அதற்குள் சூடு ஏறின கற்கள். மேல் பலகையில் கணவன் மனைவி. வாரம் முழுக்கப் பேசாத பேச்செல்லாம் அங்கேதான் வரும். வேர்வையோடு சேர்ந்து உண்மையும் இறங்கும் என்பதால் ரூடி அன்று கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உச்சியில நிறுத்தினியே" என்றாள் ஐலா, கண்ணை மூடிக்கொண்டு. "ஏரி முழுக்க நீலமா இருந்துச்சு. ஒரு நரி குறுக்க ஓடிச்சு, ஞாபகம் இருக்கா?"

"நரியை யாரு பாத்தா?"

"நான் பாத்தேன். நீ எச்சில் முழுங்கிக்கிட்டே இருந்த. 'ஐலா, வந்து... ஐலா, வந்து...'ன்னு ஏழெட்டுத் தடவை. கல்யாணத்தைத்தான் கேக்கப் போறியா, இல்ல பெட்ரோல் தீர்ந்துபோச்சுன்னு சொல்லப் போறியான்னு எனக்குப் பயம்."

ரூடி சிரித்தார். சிரிக்கும்போதே நெஞ்சில் ஒரு முள். இவ்வளவு அழகான ஒரு நாளை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டு, அதிலும் திருட்டுத்தனமா? சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தார். ஷெட் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"ஏன் ரூடி, உன் காது ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"சூடு."

"இன்னும் கல்லுல தண்ணியே ஊத்தலயே."

ரூடி அவசரமாக வாளியை எடுத்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் கல்மேல் கொட்டினார். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் காது மட்டுமில்லை, ரூடியே காணாமல் போனார்.

"ஓ" என்றது ஆவிக்குள் ஒரு குரல்.

சனிக்கிழமை காலையில் பனி மாவு சலித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ரூடி பாட்டுப் பாடிக்கொண்டே முகம் மழித்தார். குளியலறையில் அவர் இருந்த நேரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். சாக்ஸ் தேடின நேரம் அதைவிடக் கூடுதல். சாக்ஸ் ஏனோ ரொட்டி டப்பாவுக்குள் இருந்தது.

"இதை யாரு இங்க வச்சா?"

"நீதான் வச்சிருப்ப. வயசாகுது" என்றாள் ஐலா. தொப்பியிலும் தோளிலும் புதுப்பனி. "வெளிய போய்க் குளிர் எப்படின்னு பாத்தேன். கிளம்பலாமா? டிக்கி காலிதானே? சத்தியமா?"

"திறந்து பாக்குறியா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் ரூடி. கேட்டுவிட்டு உள்ளுக்குள் செத்தார்.

"வேணாம். உன்னை நம்பாம யாரை நம்புறது?"

அந்த நம்பிக்கையில் ரூடியின் காது மறுபடி சிவந்தது. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஆனால் கார்! ஆஹா, கார்! ஷெட்டிலிருந்து இறங்கியதுமே ரூடிக்குப் புரிந்துவிட்டது. முந்தாநாள் தட்டாமாலை சுற்றிய கழுதையா இது? தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கம்பீரமாகப் போனது. தபால் பெட்டி இருந்த இடத்தை மரியாதையாகத் தாண்டியது. ஓடையில் இறங்கி ஏறியது. 'மணல்னா மணல்தான்' என்று மனசுக்குள் கிளெனை வாழ்த்தினார்.

சர்ச் மேடு வந்தது. நிமிர்ந்து நின்ற வெள்ளைச் சுவர். அடிவாரத்தில் யாரோ ஒருவரின் புதுக் கார் மூக்கைப் பனிக்குள் விட்டுப் படுத்திருந்தது.

"நின்னுடாத" என்றாள் ஐலா.

"எனக்கே சொல்றியா? இரண்டாவது கியர். பஞ்சு மாதிரி கால். பாத்துக்கோ!"

கார் ஏறியது. பாதி மேட்டில் வால் லேசாக ஆடியது, ரூடி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கினார், வால் அடங்கியது. பாட்டுப்பெட்டியில் அதே பழைய நாடா கரகரத்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். ஐலா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புத் தொப்பி எங்கே கிடைத்ததோ, அதையே போட்டிருந்தாள். இவ்வளவு நேரம் இதைக் கவனிக்கவில்லையே! ஒரு நிமிஷம் ரூடிக்கு வயிறு இல்லை, முட்டிவலி இல்லை. இருபத்திரண்டு வயது மட்டும் இருந்தது.

உச்சி. சர்ச் வாசல். ஏப்ரன் கட்டிய பெண்கள் எல்லாரும் வெளியே வந்து கைதட்டினார்கள். ரூடி இறங்கி, ராஜா மாதிரி படியேறினார். வழக்கமாகக் கண்ணாடி மாதிரி வழுக்குகிற படிகள். இன்று அழகாக மணல் தூவியிருந்தது.

"பரவாயில்லையே, நல்ல மணல் போட்டிருக்கீங்க!" என்று பாராட்டவும் பாராட்டினார். அவர்தான் பாராட்டினார். அதை அந்த ஊர் இன்றுவரை மறக்கவில்லை.

"ஐலா, ஷெட் யாருக்கு?" என்று திரும்பினார்.

"இரு. அவசரப்படாத. ரூடி, அந்த டிக்கியைக் கொஞ்சம் திற."

ரூடியின் முகத்திலிருந்த ராஜா இறங்கி ஓடினார். "டிக்கியா? எதுக்கு?"

"திறயேன்."

"அது... உறைஞ்சு போச்சு."

"நாங்க வெந்நீர் கொண்டு வர்றோம்" என்றாள் இர்மா. சர்ச் சமையலுக்கு அவள்தான் தளபதி. பாஸ்டரே அவளைக் கேட்டுத்தான் பிரசங்கத்தை முடிப்பார்.

"வேணாம், வேணாம்! சாவி... சாவியைக் காணோம்."

"கையில இருக்கே" என்றாள் ஐலா.

"இது வேற சாவி."

"வேற சாவியைப் போட்டா காரை ஓட்டிக்கிட்டு வந்த? அப்ப நீ உண்மையிலேயே திறமைசாலிதான்."

அதற்குள் இர்மா வெந்நீர்க் கெண்டியோடு வந்துவிட்டாள். சாவி கை மாறியது. டிக்கி திறந்தது. ரூடி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பாடா, வந்துடுச்சு!" என்றாள் இர்மா.

ரூடி ஒரு கண்ணைத் திறந்தார். ஜமக்காளம் விலகியிருந்தது. மணலைக் காணோம். உள்ளே உருளைக்கிழங்கு. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. அதற்கு மேல் மஞ்சள் டர்னிப் கிழங்கு. ஓரத்தில் வெங்காயம், மாவு. அன்றைக்கு ஊருக்கே போடப்போகிற பாஸ்டிக்கு, மாவுக்குள் கிழங்கைப் பொதிந்து சுடுகிற அந்தப் பலகாரத்துக்கு, வேண்டியதெல்லாம் அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

ரூடிக்கு உயிர் வந்தது. "பாத்தியா! மணல் எங்க? ஒரு துளி மணல் இல்ல! நான் சொன்னேன்ல!"

"மணல்னு யாரு சொன்னா?" என்றாள் ஐலா.

ரூடி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"உன் மணல் மேலதான் நீ நின்னுக்கிட்டிருக்க. விடியும்போதே கிளென் கொண்டுவந்து படியில தூவிட்டாரு. போன வாரம்தான் இர்மா அதுல வழுக்கி விழுந்தா. உன் புண்ணியத்துல இனி யாரும் விழ மாட்டாங்க."

ரூடி கீழே பார்த்தார். படியில் மணல். தூரத்தில் பார்த்தார். சர்ச் சன்னலோரம் கிளென் ஒரு முழு ஏலக்காய் ரொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூண்டில் மேல சத்தியம் பண்ணினியேடா துரோகி!"

"நான் ஒண்ணும் சொல்லல ரூடி" என்றார் கிளென். "மூட்டைதான் சொல்லிச்சு. அதுல ஓட்டை."

"வெள்ளைப் பனியில, அவரு வேலியிலேருந்து நம்ம ஷெட் வரைக்கும் ஒரே மணல் கோடு" என்றாள் ஐலா. "பள்ளிக்கூடப் பிள்ளைங்க சாக்பீஸால கோடு போட்ட மாதிரி. பாதையைத் தேடவே வேண்டியிருக்கல."

ரூடி மூச்சை இழுத்துக்கொண்டார். கடைசியாக ஒரு சட்டம் தோன்றியது. "சரி, மணலை எடுத்துட்ட. அப்ப என் டிக்கியில நான் எதுவும் வைக்கல. உருளைக்கிழங்கு நீ வச்சது. பந்தயம் எனக்குத்தான்!"

"பந்தயம் யாரு வச்சாங்கன்னு இல்லையே. 'டிக்கியில கனம் இல்லாம'ன்னுதானே? இதுல கனம் இல்லையா? நீயே தூக்கிப் பாரு. உள்ள கொண்டுவந்து வச்சுட்டுச் சொல்லு."

ரூடி தூக்கினார். ஒவ்வொரு மூட்டையாகச் சர்ச் சமையலறைக்குச் சுமந்தார். மூன்றாவது மூட்டைக்குப் பிறகு கனம் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. பிறகு இர்மா கையில் ஒரு கத்தியைக் கொடுத்தாள். தோல் சீவ உட்கார்ந்தார். எதிரில் ஐலா, டர்னிப் வெட்டிக்கொண்டு.

நாலு கிழங்கு தோலை இழந்தது. பிறகு ரூடி கிழங்கைப் பார்த்தே கேட்டார்.

"மணலை எடுத்துட்டுச் சும்மா விட்டிருந்தா, நான் பாதி மேட்டுலேயே வழுக்கியிருப்பேனே. நீ சுலபமா ஜெயிச்சிருக்கலாம். ஏன் இதை ஏத்தின?"

"எதுக்கு? பள்ளத்துல விழவா? பக்கத்துல உக்காந்திருக்கிறது நானில்லையா? அதோட, எல்லார் முன்னாடியும் நீ வழுக்கிட்டா பனி உருகுற வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ. உன்னை ஜெயிக்க விட்டுத் தோக்கடிச்சா வீட்டுல சோறு இறங்கும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க." அவர் பெருமூச்சு விட்டார். "போகட்டும். அன்னைக்கு ஏத்தினது நான்தான். அதை யாரும் எடுக்க முடியாது. அன்னைக்கு மூட்டை இல்ல, ஒண்ணும் இல்ல."

ஐலா டர்னிப்பை வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவானது. ரூடி நிமிர்ந்தார்.

"ஐலா?"

"ம்."

"ஒண்ணும் இல்லைல்ல?"

"எங்கப்பா உன்னை உள்ள உக்கார வச்சு, 'சம்பளம் என்ன, சர்ச்சுக்குப் போவியா, பசு மாட்டுக்குப் பால் கறக்கத் தெரியுமா'ன்னு கேட்டுக்கிட்டிருந்தாரே. நீ மூணு கப் காப்பி குடிச்சியே."

"ஆமா?"

"கொட்டில்ல ஓட்ஸ் மூட்டை இருந்துச்சு."

ரூடியின் கையிலிருந்த கிழங்கு நழுவி, உருண்டு, மேசைக்கடியில் போய் ஒளிந்தது. அதற்குக் கொடுத்துவைத்திருந்தது.

"எத்தனை?"

"டிக்கி கொள்ற வரைக்கும்."

"நீ... தனியாவா தூக்கின?"

"பண்ணையில பொறந்தவ. கன்னுக்குட்டியையே தூக்குவேன். திரும்பி வந்து நீ அப்பாகிட்ட கல்யாணம் பேசினப்ப இறக்கி வச்சுட்டேன். அவருக்கும் கடைசி வரைக்கும் தெரியாது."

"ஏன்?" என்றார் ரூடி.

ஐலா கத்தியைக் கீழே வைத்தாள். "நீ வாசல்ல வந்து நின்னப்பவே உன் காது சிவந்திருந்துச்சு. ஏதோ கேக்கத்தான் மேட்டுக்குக் கூப்பிடுறன்னு புரிஞ்சுது. வண்டி பாதியில நின்னா நீ வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்காமலே திரும்பிடுவ. அப்புறம் பனி உருகணும், சேறு காயணும், உனக்குத் தைரியம் வரணும்... அவ்வளவு நாள் என்னால பொறுத்துக்க முடியாது ரூடி."

ரூடி அவளைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வீரக்கதையில் தான் வெறும் ஓட்டுநர் என்று தெரிந்தது. வருத்தப்படலாமா என்று யோசித்தார். ஏனோ வருத்தம் வரவில்லை. வேறு என்னவோதான் வந்தது. வெங்காயம் பக்கத்தில் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊரே வந்து பாஸ்டி சாப்பிட்டுத் தீர்த்தது. ரூடி துக்கத்தில் ஐந்து சாப்பிட்டார். வெளியே வந்தபோது பனி இன்னும் கனமாக விழுந்துகொண்டிருந்தது. கீழே ஏரி, அன்று மாதிரியே, நீலமாகக் கிடந்தது.

"ஷெட் எனக்கு" என்றாள் ஐலா.

"உனக்கு" என்றார் ரூடி. சிவப்புக் காரின் நீண்ட மூக்கைக் கையால் ஒருமுறை தடவினார். "இதை வித்துடலாம்னா... வித்துடு. நானே தபால் நிலையப் பலகையில எழுதி ஒட்டுறேன்."

"என் காரை விக்கிறதுக்கு நீ யாரு?"

"உன் காரா?"

"மேடு ஏத்தினது யாரு ஓட்ஸு? ஷெட்டுக்குள்ள என் கார் ரெண்டும் நிக்கும். உன் மீன்குடிலும் ஓடாத மோட்டாரும்தான் வெளிய போகுது."

"அது சாமான்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "குப்பை" என்று முடித்தார்.

ஐலா கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தார். மறுபக்கம் போய்க் கதவில் கைவைத்தபோது அவள் தலையை ஆட்டினாள்.

"அங்க இல்ல. வழியில ஓடை ஏத்தம் இருக்கு. டிக்கி இப்ப காலி." அவள் அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள், சந்தையில் மூட்டையைப் பார்க்கிற மாதிரி. "பின்னால உக்காரு."

அந்தக் காரின் பின் சீட் பூனைக்குத் தைத்தது. ரூடி முட்டியைக் காதருகில் மடித்து, ஐந்து பாஸ்டியோடு, சரியாகப் பின் சக்கரத்துக்கு மேலே போய் அடைந்துகொண்டார். ஐலா இரண்டாவது கியர் போட்டாள். கார் மேட்டைவிட்டு வழுக்காமல் இறங்கி, ஓடையைத் தொட்டு, ஏற்றத்தில் மூக்கை வைத்தது. ஆடவில்லை, அசையவில்லை.

"காலைப் பஞ்சு மாதிரி வை" என்றார் ரூடி பின்னாலிருந்து. "பிரேக்கைத் தொடாத. வால் ஓடுற பக்கமே திருப்பு. கொஞ்சம் கொடு, கொஞ்சம் வாங்கு..."

ஐலா கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரூடி, அந்த ஓட்ஸ் மூட்டை வழியில ஒரு வார்த்தை பேசல."